பையை யார் அடுக்குவது? பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

பிள்ளைகள் விரும்பிப் படிப்பதற்கும், தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழகுவதற்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், 28 ஆண்டுகள் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செங்காங்கில் இருந்து ஓர் அம்மா: டீச்சர், மகன் தொடக்கநிலை 1. தினமும் எதையாவது மறந்துவிட்டுப் போகிறான். பணிப்பெண்தான் பையை அடுக்குகிறார். போன வாரம் ஆசிரியர் ஸ்பெல்லிங் கோப்பு எங்கே என்று கேட்டதற்கு, "அக்கா வைக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவன் சொன்னது உண்மைதானே அம்மா? அவனைப் பொறுத்தவரை பை அக்காவின் வேலை. இன்று இரவே அதை அவன் வேலையாக மாற்றிவிடுங்கள். முதலில் பணிப்பெண்ணிடம், அவன் முன்னாலேயே, "இனிமேல் பையைத் தம்பிதான் அடுக்குவான். ஏதாவது விட்டுப்போனால் உங்களை யாரும் கேட்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். இது முக்கியம். தனக்குத் திட்டு விழும் என்ற பயம் இருந்தால் அவர் ரகசியமாக எடுத்து வைத்துவிடுவார்.

அப்புறம் பாட அட்டவணையை அவன் கண் மட்டத்தில் கதவில் ஒட்டுங்கள். அவன் விரல் வைத்துப் படிக்க வேண்டும், எடுக்க வேண்டும், பையில் போட வேண்டும். முதல் வாரம் அரை மணி நேரம்கூட ஆகும். கணக்குப் புத்தகம் கட்டிலில் கிடப்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. மறுநாள் பள்ளி வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். மருந்து, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் மூன்றையும் மட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு கேன்டீனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு பள்ளி திறந்த முதல் வாரம், நூடல்ஸ் கடை முன்னால் ஒரு சிறுமி ஐந்து வெள்ளி நோட்டை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை. என்னம்மா என்று கேட்டேன். "எப்படிக் கேட்கணும்னு தெரியலை" என்றாள். வகுப்பில் தடங்கலில்லாமல் வாசிக்கிற பிள்ளை. அவளுக்குப் பதிலாக யாராவது ஒருவர் எப்போதும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எனவே, வார இறுதியில் ஹாக்கர் சென்டர் என்கிற உணவங்காடிக்குப் போனால் உங்கள் மகன் கையில் காசைக் கொடுங்கள். அவனே வரிசையில் நிற்கட்டும், கேட்கட்டும், மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டு வரட்டும். நீங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்.

தெம்பனிஸில் இருந்து ஓர் அப்பா: மகள் தொடக்கநிலை 4. பின்னம் என்றாலே அழுகிறாள். மூன்று அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை.

அந்த மூன்றையும் இரண்டு வாரத்துக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள் தம்பி.

உலகம் முழுவதும் பெயர் பெற்ற சிங்கப்பூர் கணிதம் 1980களில் உருவானது. அதற்கு ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கருத்து ஓர் அடிப்படை. முதலில் கையால் தொடக்கூடிய பொருள், அடுத்து அதன் படம், கடைசியில்தான் எண். பள்ளியில் போடுகிற பார் மாடல், அதாவது அளவுகளைப் பட்டைகளாக வரைவது, அந்த நடுப் படி. வீட்டில் நாம் நேரே மூன்றாவது படிக்குப் போய்விடுகிறோம். அழுகை வராமல் என்ன செய்யும்?

இன்று இரவு சப்பாத்தி போடுங்கள், ஒரே அளவில் இரண்டு. ஒன்றை அவளே நான்காக வெட்டட்டும், மற்றதை எட்டாக. "1/4 பெரியதா, 1/8 பெரியதா?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் 1/8 என்பார்கள், 4ஐவிட 8 பெரியது அல்லவா! தப்பு என்று சொல்லாதீர்கள். "எங்கே, காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு துண்டையும் கையில் எடுத்ததும் அவள் முகம் மாறும். பிறகு எட்டில் இரண்டு துண்டை எடுத்துக் கால் சப்பாத்தியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். ஓரம் ஓரமாகப் பொருந்தும். 2/8 என்பதும் 1/4 என்பதும் ஒன்று என்று அவள் வாயாலேயே வரும். அதன் பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதையே தாளில் பட்டையாக வரையட்டும். நாலைந்து நாள் இப்படிச் செய்தபின், நான்கு பேருக்கான கேசரியை இரண்டு பேருக்குச் செய்யச் சொல்லுங்கள். முக்கால் கப் ரவையில் பாதி எவ்வளவு என்று அவள் மண்டையைக் குடைந்துகொள்ளும்போது உதவிக்குப் போகாதீர்கள். கேசரி கொஞ்சம் இறுகினாலும் சாப்பிடலாம்.

ஈசூனில் இருந்து ஓர் அம்மா: நாங்கள் தமிழில் பேசினாலும் ஒன்பது வயது மகன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். "தமிழில் பேசு" என்றால் வாயையே மூடிக்கொள்கிறான்.

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. "தமிழில் பேசு" என்றதும் அது அவனுக்குப் பரீட்சையாகிவிடுகிறது. தமிழ் இல்லாமல் முடியாத ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போகிறீர்கள் என்றால், வெள்ளி இரவே நீங்கள் சொல்லச் சொல்ல அவன் பட்டியலைத் தமிழில் எழுதட்டும். வெண்டைக்காய்க்கு எந்த 'ண' போட்டாலும் திருத்தாதீர்கள். சந்தையில், தமிழ் பேசும் கடைக்காரராகப் பார்த்து, அவனையே கேட்க விடுங்கள். "முருங்கைக்கீரை ஒரு கட்டு வேணும்" என்று அவன் சொல்ல, அவர் "இளசா இருக்கு, எடுத்துக்கோ தம்பி" என்று நீட்டுவார். அந்த 'இளசு' அவன் எந்தப் பாடநூலிலும் படித்திராத சொல்லாக இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பாட்டிக்குப் போன் போட்டுப் பொரியலுக்கு என்ன போடணும் என்று அவனே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தொடக்கநிலை 6 முடிவில் எழுதுகிற பிஎஸ்எல்இ தேர்வின் வாய்மொழிப் பகுதியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டும். இப்படிச் சந்தையிலும் அடுப்படியிலும் தமிழைப் புழங்கிய பிள்ளைக்கு அங்கே சொற்கள் தானாக வரும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ழகரத்தைத் தவறாகச் சொன்னால் விருந்துகளில் மாமாக்களும் சித்திகளும் சிரிக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சிரிப்புக்கு ஆளானதால் பேச்சையே நிறுத்திக்கொண்ட மாணவர்களை எனக்குத் தெரியும்.

ஜூரோங்கில் இருந்து: எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் போன் கொடுக்கலாம்?

7 முதல் 12 வயதுவரை, பள்ளி வேலை தவிர, ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்பது 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி. சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் வேண்டாம். நீங்களும் அங்கே எடுக்கக் கூடாது.

பிடோக்கில் இருந்து ஒரு தாத்தா: டீச்சரம்மா, பேரனுக்கு 10 வயது. பாய லேபாரில் டியூஷன். எம்ஆர்டி ரயிலில் தனியாக அனுப்பலாமா? மருமகள் பயப்படுகிறாள்.

அனுப்பலாம் ஐயா, ஆனால் மருமகள் சரி என்று சொன்ன பிறகு. அந்தப் பயத்தைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். முதல் இரண்டு முறை நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பாசிர் ரிஸ் பக்கமா, துவாஸ் லிங்க் பக்கமா என்று அவனே பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தவறான பக்கம் நின்றால் ரயில் வரும்வரை பொறுங்கள், அவனே கண்டுபிடிக்கிறானா பார்ப்போம். அடுத்த முறை அதே பெட்டியின் மறுகோடியில் நில்லுங்கள். அதற்கடுத்து நீங்கள் பாய லேபார் வாசலில் காத்திருங்கள். கெம்பாங்கான், யூனுஸ், மூன்றாவது பாய லேபார். இறங்க மறந்து அல்ஜுனிட் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் ஒருமுறை வேண்டுமென்றே போய்ப் பழகிவிடுங்கள். அம்மாவின் எண்ணை அவன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், போனில் சார்ஜ் தீர்ந்துவிடலாம். மருமகளையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் அவன் போவதைப் பார்க்க வையுங்கள்.

உட்லண்ட்ஸில் இருந்து ஓர் அம்மா: மகள் இந்த ஆண்டு பிஎஸ்எல்இ. இப்போது வீட்டு வேலை, விளையாட்டு எல்லாம் வேண்டுமா?

வேண்டும். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண்ணை வைத்து 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலைதான் (1 தான் மிக உயர்ந்தது), ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பழைய ஓட்டம் இல்லை. தூக்கத்தைக் குறைக்காதீர்கள். இரவு தட்டுக் கழுவும் பத்து நிமிடம் அவளுக்கு ஓய்வு.

தோ பாயோவில் இருந்து ஓர் அப்பா: ஆறு வயது மகள் விளையாட்டில் தோற்றால் பலகையைத் தட்டிவிடுகிறாள். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைக்கலாமா?

விட்டுக்கொடுக்காதீர்கள், அவளுக்கே தெரிந்துவிடும். சீக்கிரம் முடிகிற ஆட்டமாக எடுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? இல்லாவிட்டால் மலாய் நண்பர்கள் வீட்டில் சொங்காக் இருக்கும், கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அடுத்தடுத்து நாலு ஆட்டம் போடலாம், ஒன்றிலாவது அவள் ஜெயிப்பாள். தோற்றபோது "பரவாயில்லை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள், அவளுக்கு அது பெரிய விஷயம். கொஞ்ச நேரம் கோபமாக இருக்கட்டும். பலகையைத் தட்டிவிட்டாளா, முத்துகளை அவளே பொறுக்கி, எண்ணி, பதினான்கு குழியிலும் மறுபடி போடட்டும். சோபாவுக்கு அடியில் போனதையும் சேர்த்து.