பார்சலில் இருந்து ஏதோ ஒழுகி கையில் பட்டுவிட்டது, டெலிவரி வேலையில் இருக்கிறேன், என்ன செய்வது?

பைக்கில் போகிறவராகத்தான் இருப்பீர்கள். முதலில் குழாயடிக்குப் போங்கள், குறைந்தது 20 நிமிஷம் தண்ணீர் ஓடட்டும், வழவழப்பு போகவில்லை என்றால் இன்னும் கூட. மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு நடந்தது சத்துவாச்சாரியில். பையில் இடமில்லாமல் ஒரு பெட்டியை டேங்க் மேல் வைத்து தொடையால் அணைத்தபடி ஓட்டினேன். தப்புதான், தெரியும், ஒரு நாள் முழு லோடு ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள். பெட்டி மூலை ஊறிப்போயிருந்தது. வேலூர் வெயிலில் ஜீன்ஸ் எப்போதும் வியர்வையில் நனைந்தே கிடக்கும் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. தொட்டால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழவென்று இருந்தது, எரியக்கூட இல்லை. ஷாம்பூ என்று நினைத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டு இன்னும் நாலு வீடு போனேன்.

அது சிங்க் அடைப்பு எடுக்கிற திரவம், காஸ்டிக் சோடா, ஆசிட்டுக்கு நேரெதிரான காரம். ஆசிட் என்றால் பெரும்பாலும் பட்டதுமே சுரீர் என்று அலற வைத்துவிடும். இது தோலில் இருக்கும் கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். நான் ஷாம்பூ என்று நினைத்ததில் பாதி என் தோல்தான்.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். போனில் சொன்னதும், "பேண்ட்டைக் கழட்டுடா மொதல்ல" என்றார். நடுரோட்டிலா என்றேன். "ஊறின துணி ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் வெந்துக்கிட்டேதான் இருக்கும்." நாலாவது வீட்டு அக்கா மோட்டார் போட்டு ஹோஸ் கொடுத்தார், அவர் மாமியார் எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார். வேண்டாம் பாட்டி என்று கும்பிட்டேன். புளிப்பை ஊற்றி காரத்தை முறிக்கிறேன் என்று உடம்பில் சோதனை செய்தால் அது வேறு சூடு கிளப்பும். தூளாக இருந்தால் மட்டும் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர். கண் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

நான் டாக்டர் இல்லை, தொடையில் பீடி இலை அளவுக்குத் தழும்பு இருக்கிற ஆள், அவ்வளவுதான். கையிலும் இரும்பிலும் ஏதோ சொட்டுகிற படம், கீழே 8 என்று போட்ட சாய்சதுர ஸ்டிக்கரைப் பார்த்தால் அந்தப் பெட்டியை நிமிர்த்தி வையுங்கள், உடம்போடு அணைக்காதீர்கள். என் பெட்டியில் அதுவும் இல்லை. பார்சல் டேமேஜ் என்று என் கணக்கில் பிடித்ததோடு சரி.

அந்த நாலு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனதே கதவு எண்ணால்தான். பழைய 14, புது 31, பக்கத்து வீடு புது 14! ஈரப் பேண்ட்டோடு தெருவை மூன்று சுற்று சுற்றினேன். அட்ரஸில் எது பழசு எது புதுசு என்று போட்டுத் தொலைத்தால் என்ன?