மைதானத்து மூலை: வாசகர் கேள்வி, பழைய றெபரி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் றக்பி. பிரட்பி காலம் என்றால் அப்படித்தான். துடுப்பாட்டக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபிக்க வேண்டாம்.

கொழும்பில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை காலையிலிருந்து தெருவெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கொடி கட்டிய வாகனங்கள். சத்தமாகப் பேசவே தெரியாத என் மருமகன் கார் ஜன்னலில் உட்கார்ந்து கூவிக்கொண்டு போகிறார். கேட்டால் ‘பிரட்பி’ என்கிறார். அது என்ன ஐயா? (மயிலாப்பூர் வாசகர்)

உங்கள் மருமகன் றோயல் கல்லூரிப் பழைய மாணவர் என்று கொடியின் நிறமே சொல்லிவிட்டது. வருத்தம் ஒன்றுமில்லை, திங்கட்கிழமை தெளிந்துவிடும்.

கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி ட்ரினிட்டி கல்லூரியும் 1920 முதல் றக்பி ஆடுகின்றன. 1945இல் றோயலின் அதிபராக இருந்து விடைபெற்ற ஈ. எல். பிரட்பி என்ற ஆங்கிலேயர் இந்தப் போட்டிக்கென்று ஒரு கேடயத்தைக் கொடுத்தார். அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அதிபராக இருந்தது யுத்த காலம். கல்லூரிக் கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளைகள் பங்களாக்களில் படித்தார்கள். சொந்தக் கட்டடத்தில் வகுப்பு நடத்த வழியில்லாத பள்ளிக்கூடத்தின் அதிபர் போகும்போது விட்டுச்சென்றது ஒரு விளையாட்டுக் கேடயம். அவர் படித்தது இந்த ஆட்டத்துக்கே பெயர் கொடுத்த இங்கிலாந்தின் றக்பி பள்ளியில். அதனால் எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

கேடயத்தின் சூட்சுமம் அதன் கணக்கில் இருக்கிறது. ஒரு மெச் கொழும்பில், ஒரு மெச் கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் கேடயம். முதல் மெச்சில் 12 புள்ளியால் தோற்ற அணி அடுத்ததில் 13 புள்ளியால் வென்றால் கேடயம் அவர்களுக்கு. ஆகவே தோற்ற மெச் என்று ஒன்று முதல் சுற்றில் கிடையாது. முதல் மெச்சில் இருபது புள்ளி பின்தங்கி, ஆடுவதற்கு இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளி தரும் ஒரு பெனால்டி கிடைக்கிறது என்று வையுங்கள். புதிதாகப் பார்க்க வந்தவர், இனி இந்த மூன்று புள்ளி எதற்கு என்று எழும்பிப் போகப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கும் கிழவர் அவர் கையைப் பிடித்து இருத்துவார். பையன் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிண்டிப் பந்தை நிறுத்துகிறான். தோற்கும் பக்கத்துக் கூட்டம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அந்த மூன்று புள்ளியைத்தான் மற்ற ஊரில் போய்ச் செலவழிக்கப் போகிறார்கள். நான் மைதானத்து ஓரக்கோடான டச் லைனில் கொடி பிடித்துக்கொண்டு இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். வென்ற அணியின் பையன்கள் விசில் ஊதிய பிறகும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

கண்டி மெச்சுக்கு மருமகன் கூப்பிட்டால் போய்வாருங்கள். குடை எடுத்துப் போங்கள்.

வகுப்பில் பாடசாலை றக்பியின் வரலாறு எழுதச் சொன்னார்கள். முதலில் ஆடியது ட்ரினிட்டி என்று நண்பன் சொல்கிறான். சரியா மாமா? (தரம் 10 மாணவன், வத்தளை)

தம்பி, நண்பனை ஒரு படி கீழே இறக்கு. முதலில் கிங்ஸ்வூட்.

1891இல் கண்டியில் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்பவர் ஆண்களுக்கான உயர்தரப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பவிலியன் வீதியில் ஒரு கட்டடம், 11 பிள்ளைகள். பின்னால் கிங்ஸ்வூட் கல்லூரி என்று பெயர் மாறியது இதுதான். அதே வருஷம் அங்கே றக்பியையும் கொண்டுவந்தார். 11 பிள்ளைகள் உள்ள பள்ளியில், பக்கத்துக்கு 15 பேர் வேண்டிய விளையாட்டு! பள்ளி வளரும் என்பதில் அந்த மனிதருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும், பார். இன்னொரு சுவை, பிளேஸ் தானே ட்ரினிட்டியின் பழைய மாணவர்.

ட்ரினிட்டிக்கு றக்பி வந்தது அதிபர் ஏ. ஜி. பிரேசரின் காலத்தில், 1906இல். அந்த வருஷம் ஓகஸ்ட் 11ஆம் திகதி கண்டி போகம்பறை மைதானத்தில் கிங்ஸ்வூட்டும் ட்ரினிட்டியும் மோதின. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் ஆடிய முதல் றக்பி மெச் அதுதான். 6–6, சமநிலை. பதினைந்து வருஷம் எதிராளிப் பள்ளி இல்லாமல் பந்தைத் தூக்கி ஓடிய கிங்ஸ்வூட், புதிதாக வந்தவர்களிடம் சமநிலை. கிங்ஸ்வூட் பழைய மாணவர்களிடம் அந்த மெச்சைப் பற்றி இன்று கேட்டாலும் முகம் சுளிப்பார்கள்.

பெரிய கேடயமும் பெரிய கூட்டமும் மற்றவர்களிடம் இருப்பதால் இந்தப் பழைய கணக்கு மறந்துபோகிறது. பிரட்பி பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவார்கள், பிளேஸ் பற்றி ஒரு வரி. நீ எழுதும்போது முதல் பக்கத்தை அவருக்குக் கொடு. ஆசிரியர் புள்ளி குறைத்தால் எனக்கு எழுது.

அந்தக் காலத்து மெச்சுகளில் 6–6, 3–0 என்று புள்ளி ஏன் இவ்வளவு குறைவு? ஆடத் தெரியாதா? (மட்டக்களப்பு வாசகர்)

ஆடத் தெரியும், கணக்குத்தான் வேறு. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பதுதான் ட்ரை. ஒரு ட்ரைக்கு அப்போது 3 புள்ளி. 1971இல் 4 ஆக்கினார்கள், 1992இல் 5. அதனால் 1945ஆம் ஆண்டுப் புள்ளிகளையும் இன்றைய புள்ளிகளையும் பக்கம் பக்கமாக வைத்து யார் பெரிய அணி என்று வாதாடுவது வீண். அப்போது நனைந்த தோல் பந்து, நீர் குடித்துக் கனத்த பருத்தி ஜேர்சி என்பதையும் மறக்காதீர்கள்.

றக்பி கொழும்பு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிகளில் ஏன் கண்டியில் தொடங்கியது? (ஹட்டன் வாசகி)

தங்கச்சி, விடை உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொழும்பில் 1879இலேயே வெள்ளைக்காரர்கள் கழகம் அமைத்து ஆடினார்கள், உண்மை. ஆனால் ஆட்டத்தை மலைக்கு ஏற்றியது தோட்டத் துரைமார். டிக்கோயா, டிம்புள்ள, ஊவா, களனிவெளி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கழகம். தரவளை மைதானமும் ராதல்ல மைதானமும் அந்தக் காலத்துச் சொத்து. கிழமை முழுவதும் தொழிலாளருக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட துரை சனிக்கிழமை சேற்றில் புரண்டார். கண்டி இந்தத் தோட்டங்களின் வாசல். ஆங்கிலப் பள்ளிகளும் அங்கேயே இருந்தன. ஆட்டம் இறங்கி வர வேறு வழி தேட வேண்டியிருக்கவில்லை.

கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மைதானங்களில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்பீர்கள். வேலிக்கு வெளியே. அதையும் வரலாற்றில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மகன் தரம் 8. பாடசாலை றக்பியில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பாவுக்குச் சம்மதம். எனக்கு இரவில் நித்திரை இல்லை. என்ன செய்ய அண்ணை? (வெள்ளவத்தைத் தாய்)

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். இது மோதும் விளையாட்டு. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பின்னேரம் பயிற்சிக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள், அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டாம்.

முதலில் டக்கிள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஓடி வருபவனைத் தோளால் பிடிக்க வேண்டும், தலை அவனுடைய பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தலையை முழங்காலுக்கு முன்னால் கொடுக்கும் பையனைப் பயிற்சியாளர் உடனே நிறுத்தித் திருத்துகிறாரா? முதலில் முழங்காலில் நிற்க வைத்து, பிறகு நடக்க வைத்து, பிறகுதான் ஓட விடுகிறாரா? அப்படியென்றால் அவர் தொழில் தெரிந்தவர். ஓரத்தில் நின்று ‘இன்னும் பலமாக, இன்னும் பலமாக’ என்று கத்துவது மட்டும்தான் அவர் வேலை என்றால் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

அடுத்தது ஸ்க்ரம். எட்டு எட்டுப் பேராகத் தலையைக் கொடுத்துத் தள்ளும் இடம் அது. 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. காரணம் கழுத்து. உங்கள் மகன் கட்டையாகவும் பருமனாகவும் இருந்தால் முன்வரிசையில்தான் போடுவார்கள். அப்போது கழுத்துக்கான பயிற்சி தனியாகக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது தலையடி. அடிபட்ட பையன் ‘எனக்கு ஒன்றுமில்லை சேர்’ என்றுதான் சொல்வான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதை நம்பக் கூடாது. மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. என் விசில் காலத்தில் இந்தப் பழக்கம் இல்லை. முகத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி உள்ளே அனுப்புவார்கள், கூட்டம் கைதட்டும். இன்று அப்படிச் செய்யும் பயிற்சியாளரைக் கண்டால் அதிபருக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

பல்லைக் காக்கும் கம் ஷீல்ட் வாங்கிக் கொடுங்கள். சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, அவன் பல்லுக்கு அளவாகக் கடிக்க வைக்கும் வகை போதும். முட்டையும் பாலும் உங்கள் செலவு. பயிற்சி முடிந்து வரும் பையன் சித்தாலேப தைல மணத்தோடு வந்து சாப்பாட்டு மேசையிலேயே தூங்குவான், அதற்கும் தயாராக இருங்கள். சாதாரண தரப் பரீட்சை வரும்போது பிடியை இறுக்கலாம், இப்போதே வேண்டாம்.

ட்ரினிட்டிக்காரர் ‘லயன்’ ‘லயன்’ என்று பெருமை அடிப்பது எதைப் பற்றி? (மாத்தளை வாசகர்)

அது அந்தப் பள்ளி விளையாட்டுக்குக் கொடுக்கும் ஆகப் பெரிய மரியாதை. சாதாரண வர்ணப் பரிசு அணியில் பலருக்குக் கிடைக்கும், லயன் ஒரு சிலருக்குத்தான். றக்பிக்கு மட்டுமல்ல, துடுப்பாட்டத்துக்கும் உண்டு. குமார் சங்கக்கார வாங்கியிருக்கிறார். ஆனால் கண்டியில் ‘அவர் றகர் லயன்’ என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால் தொண்ணூறு வயதுக் கிழவரும் சற்று நிமிர்ந்து உட்காருவார். அவர் பின்னாளில் வங்கி மனேஜராக இருந்தாரா, நீதிபதியாக இருந்தாரா என்பது இரண்டாவது வரியில்தான் வரும். இது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ட்ரினிட்டி நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

தமிழர் பெயர் ஒன்றாவது இந்த வரலாற்றில் உண்டா? (டொரொன்டோ வாசகர்)

உண்டு. சும்மா நவரத்தினம். றோயல் கல்லூரிப் பழைய மாணவர், ஓட்ட வீரர், பிறகு கொழும்பின் சீ.ஆர். றக்பி கழகத்துக்கு ஆடினார். 1950இல் நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பிய, பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கி இலங்கையோடு ஆடியது. 44–6 என்று நம்மை அடித்தது. அந்த இலங்கை அணியில் அவரும் இருந்தார். அவரைப் போல ஓடத் தெரிந்தவன் பந்தோடு ஓரத்துக்குப் போய்விட்டால் பிடிப்பவர் பின்னால்தான் ஓட வேண்டும்.

வடக்கில் எங்கள் ஆட்கள் ஏன் அதிகம் வரவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிகளின் மானம் துடுப்பாட்டத்திலும் உதைபந்திலும் ஓடியது. மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்சும் 1904இலேயே துடுப்பாட்டச் சமரைத் தொடங்கிவிட்டன. மைதானமும் மாலை நேரமும் அதற்கே போதவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் படித்த தமிழ்ப் பிள்ளைகள்தான் முட்டை வடிவப் பந்தைத் தொட்டார்கள்.

பிரட்பி விளையாட்டா, குடிகாரர் திருவிழாவா? குயின்ஸ் ஹோட்டல் பக்கம் போனேன், சகிக்கவில்லை. (கண்டி வாசகி)

பழைய மாணவருக்குத் திருவிழா, ஆடும் பிள்ளைகளுக்கு விளையாட்டு. குயின்ஸ் ஹோட்டலில் சத்தம் போடுபவரில் பாதிப்பேருக்கு இடைவேளையில் யார் முன்னுக்கு நின்றார்கள் என்றே தெரியாது. நீங்கள் மைதானத்துக்குள் போங்கள். இடைவேளையில் ஒரு சின்னப் பையன் வெட்டின தோடம்பழத் துண்டுகளை வாளியில் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். முன்வரிசைக்காரர் காதுகளைச் சுற்றி ஒட்டிய கறுப்பு டேப்போடு அதைச் சப்பிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கிட்ட மது நாற்றம் வராது, வியர்வை நாற்றம் மட்டும்.

அடுத்த வருஷம் யார் வெல்வார்கள்? (பெயர் வேண்டாம், கொழும்பு 7)

முகவரி றோயல் கல்லூரி இருக்கும் பக்கம். அதைப் பார்த்தாலே நீங்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. றெபரிக்கு அபிப்பிராயம் கிடையாது.