கேள்வி – பதில்: கோல் அடிக்கிற தலை

(கால்பந்து வீரர் டெனிஸ் லா பற்றி வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.)

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்றால் உயிர். 'கிங்' என்று ஒருவருக்கு அங்கே சிலையே இருக்கிறதாம், ஸ்காட்லாந்துக்காரராம். யார் அந்த டெனிஸ் லா? எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்.

அபெர்டீன் துறைமுக ஊரில் 1940 பிப்ரவரியில், மீன்பிடித் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். மாறுகண். சிறுவயதில் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பந்தாடிப் பழகினார். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்புக்கு வந்த பிறகுதான் அறுவை சிகிச்சையில் கண் நேரானது. அந்தக் கிளப்புக்காக 16 வயதில் முதல் ஆட்டம். 1960-ல் மான்செஸ்டர் சிட்டி 55,000 பவுண்டுக்கு வாங்கியது. அதற்கு முன் பிரிட்டனில் எந்தக் கிளப்பும் ஒரு ஆட்டக்காரருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை. 1961-ல் இத்தாலியின் டொரினோவுக்கு 1,10,000 பவுண்டு. ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் அந்த ஊர்த் தற்காப்பு அவருக்கு ஒத்துவரவில்லை, ஒரே சீசனில் திரும்பிவிட்டார். 1962-ல் யுனைடெட் 1,15,000 கொடுத்தது. அங்கே 404 ஆட்டங்களில் 237 கோல். 1963-64 சீசனில் மட்டும் 46. அந்தக் கிளப்பில் ஒரே சீசனில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. 1964-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது. அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் அவர்தான். 2025 ஜனவரியில் காலமானார்.

கிரிக்கெட் தெரிந்தவருக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஸ்லிப்பில் நிற்பவர் பந்து பேட்டில் பட்டதைப் பார்த்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் கேட்ச் போச்சு. லா கோல் வாய்க்கு முன்னால் அப்படி நின்றவர். பந்து வந்த பிறகு ஓடவில்லை. வரப்போகும் இடத்துக்கு முன்பே ஓடினார்.

குடியாத்தம் வாசகர்: ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தும் அவர் அணி தோற்றது என்கிறார்களே, எப்படி?

1961 ஜனவரி 28, எஃப்.ஏ. கோப்பை. தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்துப் போட்டி. மான்செஸ்டர் சிட்டி லூட்டன் ஊருக்குப் போய் ஆடியது. லூட்டன் முதலில் 2-0 முன்னிலை. பிறகு லா ஒருவரே ஆறு கோல் போட்டு 6-2 ஆக்கினார். மழையில் மைதானம் சேற்றுக் குட்டையாகி, 69-வது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். கைவிட்ட ஆட்டம் கணக்கில் வராது. ஆறு கோலும் அழிந்தன. மறு ஆட்டத்தில் லூட்டன் 3-1 என்று வென்றது. சிட்டியின் அந்த ஒரு கோலும் லா அடித்ததுதான்!

இதில் தோல் தொழில் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சட்டென்று புரியும் ஒரு சங்கதி உண்டு. அன்றைய பந்து முழுத் தோல். வார்னிஷ் மாதிரி பூச்சு இல்லாத தோல் தண்ணீரைக் குடிக்கும், தையல் துளை வழியாகவும் இறங்கும். ஆட்டம் தொடங்கும்போது பந்து 14 முதல் 16 அவுன்ஸ், ஏறக்குறைய 400 முதல் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. தொடங்கும்போது மட்டும்தான்! நனைந்தபின் யாரும் தராசில் வைக்கவில்லை. அந்தப் பந்தைத்தான் தலையால் முட்டினார்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர்: லா உயரம் 5 அடி 9 அங்குலம்தான். அப்படியும் தலையால் அடிப்பதில் பெயர் வாங்கியிருக்கிறார். என் பையன்களும் குள்ளம். எப்படிப் பழக்குவது?

உயரத்தைவிட நேரம் பெரிது. நின்ற இடத்தில் இரண்டு காலால் குதிப்பவனைவிட, மூன்று எட்டு ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்புபவன் உயரப் போவான். பையன்கள் செய்யும் முதல் தப்பு, பந்துக்கு நேர் கீழே போய் நின்றுகொள்வது. பிறகு ஓட இடமே இல்லை. பந்து விழும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் காத்திருக்கச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் தலையால் முட்டவே வேண்டாம். பந்தைத் தூக்கிப் போடுங்கள். பையன் ஓடிவந்து எம்பி, நெற்றிக்கு முன்னால் இரு கையாலும் பிடிக்கட்டும். எம்பிய உச்சியில் பிடித்தால் நேரம் சரி. இறங்கும்போது மார்புக்கு நேராகப் பிடித்தால் எம்பியது சீக்கிரம். தரையை விட்டுக் கிளம்பும்போதே பந்து கைக்கு வந்துவிட்டால் தாமதம். தலைக்கு அடியே படாமல் இதைத் தினமும் 20 தடவை செய்யலாம்.

அப்புறம்தான் தலை. படவேண்டிய இடம் புருவத்துக்கும் முடி தொடங்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தட்டையான எலும்பு. உச்சந்தலையில் பட்டால் பந்து கம்பத்துக்கு மேலே போகும், வலியும் அதிகம். கண்ணை மூடுவதால்தான் பந்து உச்சந்தலையில் படுகிறது. வாயை மூடி, தாடையைக் கழுத்துப் பக்கம் இழுத்து, கழுத்தை விறைப்பாக வைத்தால் அதிர்ச்சி உடம்புக்கு இறங்கும். கழுத்து தொளதொளவென்று இருந்தால் மண்டை மட்டும் ஆடும். கோலுக்கு அடிக்கும்போது பந்தின் மேல்பாதியில் முட்டி, கோட்டுக்கு முன்னால் தரையில் குத்த விடுங்கள். குத்தி எழும் பந்தைப் பிடிப்பது கோல்கீப்பருக்குத் தலைவலி.

பந்தில் காற்று முக்கியம். பஞ்சர் கடையில் கம்ப்ரஸரில் பிடித்து, கல்லு மாதிரி ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். அனுமதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை, தலைப் பயிற்சிக்கு 9 போதும். அளவுமானி உள்ள கைப்பம்பு வாங்கி வையுங்கள். காலை ஆறு மணிக்கு 9 வைத்த பந்து, வேலூர் வெயிலில் பத்து மணிக்கு அதைவிட இறுகியிருக்கும்.

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகும்: 12 வயதுக்குக் கீழே என்றால் பலூன், ஸ்பாஞ்சுப் பந்து, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மூளை நரம்புச் சிதைவு நோயால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் தலையால் அடிப்பது நிறுத்தப்பட்டது. லாவும் 2021-ல் தனக்கு மறதி நோய் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஒருவருக்கு நோய் வந்ததற்குப் பந்துதான் காரணம் என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனாலும் பெரிய பையன்களுக்கு வாரம் ஒரு நாள், பத்து முட்டு என்று நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாலாஜாபேட்டை வாசகி: 1968-ல் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது லா ஏன் இல்லை?

முழங்கால். வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்ற அன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் முட்டிக்குள் உள்ள ஜவ்வு கிழியும். மறுநாள் வீக்கம், படி இறங்கும்போது வலி, காலை முழுசாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, இதெல்லாம் அடையாளம். நம் பக்கத்தில் உடனே புத்தூர்க் கட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். உள்ளே சிக்கிய ஜவ்வை வெளியே போடுகிற கட்டு விடுவிக்காது. முட்டி பூட்டிக்கொண்டால் எலும்பு மருத்துவரிடம் போய், அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

காட்பாடி கல்லூரி மாணவர்: தன் பழைய அணியையே இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினாராமே?

பாதி உண்மை. முதல் டிவிஷனில் கடைசி இடங்களில் முடிக்கும் அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். 1973-ல் யுனைடெட் அவரை விடுவிக்க, மறுபடி சிட்டிக்குப் போனார். 1974 ஏப்ரல் 27, யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்டு மைதானத்தில் இரு அணிகளும் மோதின. ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கையில் ஃபிரான்சிஸ் லீ தந்த பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டியபடியே குதிகாலால் தட்டி உள்ளே விட்டார். சிட்டி 1-0. லா கையைத் தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. உடனே வெளியே வந்துவிட்டார். ஆனால் அதே நாளில், இறங்காமல் தப்பிக்கப் போராடிய பர்மிங்ஹாம் வென்றுவிட்டதால், அந்தக் கோல் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியிருக்கும். பழி மட்டும் அவர் தலையில் நின்றுவிட்டது.

குதிகால் தட்டு பழக: ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி. அடிக்கும் காலைப் பந்துக்கு முன்னால் தூக்கி வைத்து, முழங்காலிலிருந்து மட்டும் பின்னால் வெட்டுங்கள். ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் இருந்தால் சொந்தக் கணுக்காலில்தான் விழும் அடி.

ஆற்காடு வாசகர்: லாவா, கென்னி டால்கிளிஷா?

ஸ்காட்லாந்துக்கு இருவரும் 30 கோல். டால்கிளிஷுக்கு 102 ஆட்டம் ஆனது, லாவுக்கு 55. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் லா. பெட்டிக்கு வெளியே பந்தைப் பிடித்து, அடுத்தவனுக்கு வழி திறப்பதில் டால்கிளிஷ்.

வேலூர் கோட்டை மைதானத்தில் ஆடும் ஒரு பையன்: லா மாதிரி கொண்டாடுவது எப்படி?

முழுக்கைச் சட்டை. கஃப்பை நாலு விரலால் உள்ளங்கைக்குள் இழுத்துப் பிடி. ஒரு கையை நேராக உயர்த்தி, ஆள்காட்டி விரலை மட்டும் வானத்துக்குக் காட்டு. ஏப்ரல், மே மாதத்தில் சட்டையை விட்டுவிட்டு விரலோடு நிறுத்திக்கொள், தம்பி.