நேரத்தைக் குறைக்க வேண்டாம், மாற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் கந்தோருக்குப் போய்வருகிறேன். கணக்குப் பிரிவில் ஐந்து வருடம். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை வேலை. மூன்று மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அண்ணா 7 மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். பார்த்துக்கொள்ளும் சித்தி 9 மணிக்குத்தான் வருவா. தினமும் பிந்திப் போய் ஏச்சு வாங்குகிறேன். லண்டனில் இருக்கும் அக்கா, "நேரத்தை மாற்றிக் கேள், அது உன் உரிமை" என்கிறா. கேட்டால் வேலை போய்விடுமோ? வேலை நேரத்தைக் குறைத்துத் தரச் சொல்லட்டுமா?

பதில்: தங்கச்சி, மூன்று மாதமாக அம்மாவையும் பார்த்து, ஏச்சையும் தாங்கி வருகிறீர்கள். இதற்கு வழி இருக்கிறது.

அக்கா சொல்வது அவ இருக்கும் நாட்டுக்குச் சரி. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இப்படிக் கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் தகுந்த காரணம் காட்டி மறுக்கலாம். இங்கே தனியார் துறைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அதனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நேரத்தைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். சம்பளம் குறையும், அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடிக்கும் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் சேர்ந்தே இறங்கும். மருந்துச் செலவு கூடியிருக்கும் வீட்டுக்கு இது தாங்காது. 9.30க்கு வந்து 6.30க்குப் போகிறேன் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரம் போக அதே 8 மணித்தியாலம்தான்.

வாயால் கேட்டால், "பார்ப்போம்" என்பதோடு போய்விடும். ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். அம்மாவின் நிலைமைக்கு இரண்டு வரி போதும், வைத்தியரின் துண்டை இணையுங்கள். மிச்சமெல்லாம் வேலையைப் பற்றி இருக்கட்டும். முகாமையாளருக்கு முதலில் வரும் யோசனை, காலை அந்த ஒரு மணித்தியாலம் யார் பார்ப்பது என்பதுதான். அதற்கான பதிலை, உங்களோடு வேலை செய்பவருடன் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு எழுதுங்கள்: "காலையில் வரும் பற்றுச்சீட்டுகளை இன்னார் வாங்கி வைப்பார், மாலையில் அவர் போன பிறகு வருவதை நான் பார்ப்பேன். மாதக் கடைசி மூன்று நாளும் வழமைபோல 8.30க்கே வருவேன். மூன்று மாதம் செய்து பார்த்து, சரிவராவிட்டால் பழைய நேரத்துக்கே திரும்புகிறேன்." அந்த மூன்று நாளுக்குச் சித்தியை இப்போதே கேட்டு வையுங்கள். கணக்கு முடிக்கும் நாட்களில் கடிதத்தை நீட்டாதீர்கள். சம்மதித்தால், எழுத்தில் வாங்குங்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் தினமும் பிந்துவது ஒழுக்காற்றுக் காரணமாக மாறக்கூடும். ஆகவே தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. அண்ணாவின் வேலை நேரத்தைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அவருக்கும் அவ அம்மாதானே. கிழமையில் இரண்டு காலையாவது பிந்திப் போக அவரும் தன் வேலையிடத்தில் கேட்கட்டும். இன்றிரவே அவரிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால், உங்கள் கடிதத்தில் ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் கேட்டால் போதும்.