ஆற்றில் படகு தீப்பிடித்து டீசல் கொட்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆட்களை இறக்குங்கள். அப்புறம், எல்லோருக்கும் கை துறுதுறுக்கிற ஒரு வேலையைச் செய்யாதீர்கள்: படகுக்குள் தண்ணீர் ஊற்றுவது.

பவானிக்கு மேலே காவிரிக் கரையில் எங்கள் ஊர். கதவணைகள் வந்தபிறகு இங்கே ஆறு ஓடுவதைவிடத் தேங்கி நிற்பதுதான் அதிகம். சில வருடங்களுக்கு முன் கரையில் கட்டியிருந்த மோட்டார் படகு ஒன்றின் எஞ்சினில் தீப்பிடித்தது. சுற்றிலும் தண்ணீர், கேட்க வேண்டுமா? பக்கெட்டோடு பத்துப் பேர் இறங்கிவிட்டார்கள். "ஊத்தாதீங்கடா, படகு முங்கீரும்!" என்று பெரியப்பா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. டீசல் தண்ணீரைவிட லேசு. ஊற்றிய தண்ணீரின் மேலேயே மிதந்து தீ மறுமுனைக்குப் போனது. கடைசியில் படகு கவிழ்ந்தது. தீ அணைந்தது, டாங்கில் இருந்ததெல்லாம் ஆற்றில்.

டீசல் வால்வு கைக்கு எட்டினால் மூடலாம். நுரை அல்லது உலர் பவுடர் தீயணைப்பான் இருந்தால் தீயின் அடியைப் பார்த்து அடிக்கலாம். இல்லையா, 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கையோடு கீழே உள்ள குடிநீர் நீரேற்று நிலையத்துக்கும் சொல்லுங்கள். பவானிக்குப் பக்கத்தில் உள்ள ஊராட்சிக்கோட்டையில் இதே ஆற்றில் இருந்து ஈரோட்டுக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

தீ அணைந்தபின் எண்ணெயை மறிக்க, தார் வெட்டிய வாழை மரங்களைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டோம். முதலில் ஆற்றுக்கு நேர் குறுக்கே போட்டது தப்பு. நீரோட்டம் இழுத்ததில் எண்ணெய் அடியில் நுழைந்து போய்விட்டது. சாய்வாகப் போட்டதும் கரையோரம் ஒதுங்கியது. உறிஞ்சி எடுக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைவிட நூல் மில்லின் கழிவுப் பஞ்சு மேல். வெளுக்காத பஞ்சில் இயற்கையான மெழுகு இருப்பதால் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, டீசலைக் குடிக்கும். சோப்புத்தூள் மட்டும் வேண்டாம். எண்ணெய் கண்ணுக்கு மறையும், ஆனால் தண்ணீருக்குள் கலந்து மீனைக் கொல்லும்.

கொட்டியது பெட்ரோல் என்றால் மறிக்கவே போகாதீர்கள். ஒரே இடத்தில் சேர்ந்தால் அதன் ஆவி ஒரு பீடி நெருப்பிலேயே பற்றிக்கொள்ளும்.

டீசல் குடித்த பஞ்சை மூடி போட்ட பேரலில் அடைத்து வையுங்கள். நாங்கள் கரையிலேயே குவித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ராத்திரி மழையில் பாதி திரும்ப ஆற்றுக்கே போய்விட்டது.