தரையில் தத்தும் குஞ்சை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில், செடித்தொட்டியில் கூடு கட்டிய புல்புல் பறவையின் குஞ்சு கீழே விழுந்துவிட்டது. கையால் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார் மாமியார். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: கூடவே கூடாது. பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் தண்ணீர் விடுவது அதைவிட ஆபத்து: நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக இருந்து, தத்தித் தத்தி நகர்கிறதா? அது விழவில்லை, தானே இறங்கியிருக்கிறது. பொரித்து இரண்டு வாரத்துக்குள், சரியாகப் பறக்கும் முன்பே புல்புல் குஞ்சுகள் கூட்டை விட்டுவிடும். தாயும் தந்தையும் பூச்சி, பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்றால் வரமாட்டா. கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். பூனை வரும் இடமென்றால், குஞ்சை எடுத்து அருகிலுள்ள தொட்டியில் விடலாம். மனித வாசனைக்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. ஆனால் மாமியாரின் எச்சரிக்கை முழுக்க வீணுமல்ல: அடைகாக்கும்போது அடிக்கடி எட்டிப் பார்த்தால் கூட்டையே கைவிடக்கூடும்.

இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே வையுங்கள். கூடு பிய்ந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ விரித்து அதே கிளையில் கட்டுங்கள். துளை இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் குஞ்சு செத்துவிடும். பூனை கடித்திருந்தால் காத்திருக்க வேண்டாம். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பூனை எச்சிலின் கிருமி கொன்றுவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து, தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 எண்ணில் அழையுங்கள். நீங்களே வளர்க்க நினைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டம் அனுமதிக்காது.

கேள்வி: புலாவ் உபின் தீவில் ஆண் இருவாச்சிப் பறவை பெண்ணைப் பொந்துக்குள் அடைப்பது ஏன்?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெண்தான் உள்ளிருந்தபடி எச்சம், உணவு மிச்சம் கொண்டு வாசலைப் பூசிக்கொள்கிறது. மிஞ்சும் கீற்றில் ஆண் அத்திப்பழமும் பூச்சியும் பல்லியும் நீட்டும். அலகால் பொந்து குடையத் தெரியாத பறவை இது. பெரிய மரங்கள் போனால் கூடும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்து, 1994இல் உபினில் மீண்டும் தென்பட்ட இந்த இனத்துக்கு மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் மாட்டியது அதனால்தான். தாயன்பு என்று உருகுவோர் கவனிக்க: கடைசியாகப் பொரித்த குஞ்சைத் தாயே கொன்றதும் இங்கே பதிவாகியிருக்கிறது.

கேள்வி: பீஷான் பூங்காவில் நீர்நாய் தன் குட்டியைக் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்தது. கொடுமையல்லவா?
- வாசகி, பொங்கோல்

பதில்: நீச்சல் வகுப்பு! நீர்நாய்க் குட்டிக்குப் பிறவியிலேயே நீந்த வராது. தாய் தந்தையோடு மூத்த பிள்ளைகளும் சேர்ந்தே பழக்கும். குட்டி கத்தினாலும் குறுக்கே போகாதீர்கள். குட்டியுள்ள குடும்பம் கடிக்கத் தயங்காது. நாயோடு நடப்பவர்கள் வாரைக் குட்டையாகப் பிடித்து விலகிச் செல்லுங்கள்.