தாத்தா பொம்மையை மண்ணில் புதைக்கிறாள்... என் மகளுக்கு என்ன ஆச்சு மேடம்?

வணக்கம் மேடம்,

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். பெரியவனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். சின்னவளுக்கு 7. போன மாசி மாதம் என் மாமனார் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் சின்னவளை ஸ்கூலில் விடுவது, கூட்டி வருவது, தலை பின்னிவிடுவது எல்லாமே அவர்தான்.

அன்றைக்கு நாங்கள் இருவருமே வீட்டில் இல்லை. பெரியவன்தான் 108க்கு போன் பண்ணி, தெருமுனைக்கு ஓடிப்போய் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டியிருக்கிறான். சின்னவளைப் பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டார். காரியம் முடியும்வரை அங்கேயே வைத்திருந்தோம். பயந்துவிடுவாள் என்று, "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டோம். அன்று காலையில்தான் பீச்சுக்குக் கூட்டிப் போகவில்லை என்று அவரிடம் சண்டை போட்டு, "போ தாத்தா, உன்கூட காய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் நடப்பதுதான், சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடுவாள்.

பிறகு படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். காலையில் வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போக அழுகை. டாக்டர் யூரின், சுகர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, விளையாட்டு வழியாக மனதுக்குச் செய்யும் சிகிச்சையான பிளே தெரபிக்கு அனுப்பினார். அண்ணா நகரில் ஒரு கவுன்சலர். ஆறு சனிக்கிழமை போய்விட்டோம், ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். 45 நிமிடமும் விளையாட்டுதான். என்ன பேசினாள் என்று கேட்டால், "அவ போக்குல விட்டிருக்கேன், கொஞ்சம் பொறுங்க" என்கிறார். போன வாரம் கதவு இடுக்கில் பார்த்தேன். ஒரு தாத்தா பொம்மையை மண் தட்டில் புதைக்கிறாள், தோண்டி எடுக்கிறாள், மறுபடி புதைக்கிறாள். எனக்கு உடம்பே ஆடிப்போய்விட்டது. நாங்கள் அவரை எரித்தோம். புதைப்பதை இவளுக்கு யார் சொன்னது? வீட்டுக்கு வந்தால் அண்ணனை அடிக்கிறாள். முன்னைவிட மோசமாகிறாளோ என்று பயமாக இருக்கிறது. "விளையாடறதுக்கு எதுக்குக் காசு, வீட்ல இல்லாத பொம்மையா?" என்கிறார் கணவர். நிறுத்திவிடலாமா?

பெரியவன் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறான். நீயும் வாடா என்றால், "பொம்மை டாக்டர்கிட்ட வர நான் என்ன குழந்தையா?" என்கிறான். மாசியில் வருஷ திதி வருகிறது. அதற்குள் இவர்களைச் சரிசெய்ய வேண்டும் மேடம்.

– பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

நிறுத்தாதீர்கள். உங்கள் மகளை நான் நேரில் பார்த்ததில்லை, கடிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மண் தட்டில் நீங்கள் பார்த்தது பயப்பட வேண்டிய காட்சி அல்ல.

சின்ன வயதில் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடியிருப்பீர்கள். மண்ணைக் கரை கட்டி, ஒரு குச்சியை உள்ளே ஒளித்து, எங்கே என்று கைவைத்துத் தேடுவோம். மறைந்தது கிடைக்குமா என்ற படபடப்புதான் அந்த ஆட்டமே. உங்கள் மகள் கேட்பதும் அதைத்தான். ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டுமே! பத்து மாதமாகியும் வரவில்லை. பெரியவர்களைக் கேட்டால் முகம் மாறுகிறது. அதனால் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறாள். புதைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மண் கையில் கிடைத்தால் குழந்தைகள் செய்வதுதான் அது. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1929லேயே மண் தட்டையும் குட்டிப் பொம்மைகளையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். வாயால் சொல்லத் தெரியாததைக் குழந்தை கையால் காட்டும் என்று அவர் நம்பினார்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. வீட்டில் பொம்மை இருக்கிறது. ஆனால் வீட்டில் நாம் எப்படி விளையாடுகிறோம்? "ரயில் அப்படியா ஓடும்? இது என்ன கலர் சொல்லு? கையெல்லாம் மண்ணு!" அந்த அறையில் இது எதுவும் கிடையாது. அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் இந்தச் சிகிச்சைக்கு எட்டு விதிகள் எழுதினார். குழந்தை முன்னே போகும், பெரியவர் பின்னால் போவார், அவசரப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. உங்கள் கவுன்சலர் "பொறுங்க" என்றது இதனால்தான். "தாத்தாவை உள்ள வெச்சுட்டே... இப்ப தேடுறே" என்று அவள் செய்வதை மட்டும் சொல்லியபடி கூடவே உட்கார்ந்திருப்பார். அதே அறை, அதே நேரம், அதே ஆள். தலை பின்னிவிட்டவர் ஒரே மத்தியானத்தில் காணாமல் போன குழந்தைக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் தவறாமல் அங்கே இருப்பதே பாதி வைத்தியம்.

மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். எப்போது, எப்படி என்று கவுன்சலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நீங்களும் கணவருமாகச் சேர்ந்து சொல்லுங்கள். "தாத்தா செத்துப்போயிட்டார். அவரோட இதயம் வேலை செய்யறது நின்னுடுச்சு. இனிமே வர மாட்டார். ஊருக்குப் போயிருக்கார்னு நாங்க சொன்னது தப்பு." தூங்குகிறார், சாமி கூட்டிக்கொண்டார் என்று சுற்றி வளைக்க வேண்டாம். தூக்கம் என்றால் தூங்கப் பயப்படும் குழந்தைகள் உண்டு. அவள் அழலாம். கேட்டுவிட்டு உடனே விளையாட ஓடியும் போகலாம். இந்த வயதில் துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அன்று காலை அவள் காய் விட்டாள். பழம் விட நேரம் கிடைக்கவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லால், தான் நினைத்த ஒரு நினைப்பால் பெரிய விபரீதம் நடந்துவிட்டது என்று ஏழு வயதுக் குழந்தை உறுதியாக நம்பக்கூடும். 'நான் காய் விட்டதால்தான் தாத்தா போய்விட்டார்' என்று அவள் சுமந்துகொண்டிருக்கலாம். இது என் ஊகம்தான். அவளிடம் நேராகக் கேட்டுவிடாதீர்கள். கவுன்சலருக்கு இந்தத் தகவல் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே சொல்லுங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லும்போது, "யாரும் எதுவும் சொன்னதாலயோ செஞ்சதாலயோ இது நடக்கல. காய் விட்டாலும் தாத்தாவுக்கு உன்மேல பிரியம் போகவே போகாது" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனை அடிப்பது பற்றி: அமுக்கி வைத்தது வெளியே வரத் தொடங்கும்போது சில வாரங்கள் இப்படிப் பொங்கும். அதற்காக அடிக்க விடக் கூடாது. கையைப் பிடித்து, "உனக்குக் கோவமா இருக்கு. அண்ணன் அடிக்கிறதுக்கு இல்ல. இந்தத் தலையணையை அடி" என்று மூன்றையும் அதே வரிசையில் சொல்லுங்கள். படுக்கை நனைந்தால் திட்டாமல் விரிப்பை மாற்றிவிடுங்கள்.

வாரம் ஒருநாள் 30 நிமிடம் நீங்களே அவளோடு உட்காரவும் முடியும். பெற்றோரையே இதற்குப் பழக்கும் முறையை 1960களில் அமெரிக்காவில் கெர்னி தம்பதி உருவாக்கினார்கள். உங்கள் கவுன்சலரிடம் கற்றுத்தரச் சொல்லுங்கள். செப்புச் சாமான், களிமண், ஒரு ஆம்புலன்ஸ் பொம்மை, சில மனித பொம்மைகள் போதும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவள் சொல்கிற வேஷத்தைப் போடுங்கள். கேள்வி கேட்காதீர்கள். தாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கவுன்சலர் எல்லாவற்றையும் ஒப்பிக்க மாட்டார், அது சரிதான். ஆனால் மாதம் ஒருமுறை உங்கள் இருவரையும் உட்காரவைத்து, எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். அவர் எங்கே பயிற்சி எடுத்தார் என்றும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும்.

பெரியவனை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. தாத்தாவின் கடைசி நிமிடங்களில் கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டிய பையனிடம், "பொறுப்பா செஞ்சே" என்று எல்லோரும் பாராட்டியிருப்பீர்கள். "உனக்கு எப்படிடா இருந்துச்சு?" என்று யாராவது கேட்டீர்களா? இன்னும் கொஞ்சம் முன்னால் போன் பண்ணியிருந்தால் என்று அவன் ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். எதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னால் இந்த வயதுப் பையன்கள் பேசமாட்டார்கள். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கேரம் ஆடும்போது, முகம் பார்க்காமல் வாய் திறக்கும். அப்பாவே முதலில், "எனக்கு எங்கப்பா ஞாபகமாவே இருக்குடா" என்று தொடங்கட்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் வண்டியை எடுக்கட்டும். பதின்வயதினருக்கான அறையில் பொம்மை இருக்காது, செஸ், படம் வரைதல், பாட்டு என்றுதான் தொடங்குவார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். வர மறுத்தால் இழுத்துப்போகாதீர்கள். ஆனால் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் சரிந்தால் காத்திருக்கக் கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். செலவு இடித்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாசிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கெடு வேண்டாம். திதியன்று சின்னவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெரியவன் விரும்பினால் அப்பா பக்கத்தில் உட்காரட்டும். படையலில் அவளும் தன் கையால் ஏதாவது ஒன்று வைக்கட்டும். என்ன வைப்பது என்று அவளையே கேளுங்கள்.